பதினோரு நிலைக்கண்ணாடிகள்

தம்புசாமி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்துப்போனார். எட்டு நாள் கழித்துத் திங்களன்று தீபாவளி. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் சாவதற்கு அதைவிட மோசமான வாரம் காலண்டரில் கிடையாது. அவருக்கு எண்பத்து நான்கு வயது. மூன்று மாதமாக வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தார். எந்த வாரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

மகள் புனிதாவுக்கு அழுகை வருவதற்கு முன்னால் விரல்கள் மடங்கின. திங்கள் தகனம். அன்றிலிருந்து ஏழு நாள். ஏழாம் நாள் ஞாயிறு. மறுநாள் தீபாவளி. கட்டில் பக்கத்தில் நின்று, அப்பாவின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த நர்ஸின் முன்னாலேயே, அவள் நாட்களை எண்ணி முடித்துவிட்டாள். பிறகு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் சாவு விழுந்தால் சுடுகாட்டிலிருந்து வீட்டுக்குப் போகமாட்டார்கள். நேராகக் கடைக்கு வருவார்கள். கடையில் பதினோரு நிலைக்கண்ணாடிகள் இருந்தன. எல்லாவற்றையும் வெள்ளை மல் துணியால் மூடுவார்கள். உடுத்தியிருக்கும் சட்டையின் கழுத்தில் கத்தரிக்கோலால் ஓர் அங்குலம் வெட்டி, மிச்சத்தைக் கையால் கிழிப்பார்கள். செருப்பில்லாமல், தாழ்வான சரக்குப் பெட்டிகளின்மேல் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். முதல் சாப்பாடு தங்கள் அடுப்பில் வெந்ததாக இருக்கக்கூடாது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பீங்கான் பூச்சுச் சட்டியில் அவித்த முட்டையும் பருப்பும் வரும். ஏழாம் நாள் காலையில் எழுந்து, அந்தக் கடைவரிசையை ஒருமுறை சுற்றி நடந்துவந்து, சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிகளைத் திறப்பார்கள். கடையும் அன்றுதான் திறக்கும்.

தாத்தா ரெங்கசாமிக்கு அப்படிச் செய்தார்கள். அம்மாவுக்கு அப்படிச் செய்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊர்ப் பழக்கம் என்று தம்புசாமி சொல்வார். தாத்தாவின் ஊர் நாமக்கல் பக்கம். தம்புசாமி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

ஆனால் இதுவரை யாரும் தீபாவளி வாரத்தில் சாகவில்லை.

புனிதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இருபத்து மூன்று வருஷமாகக் கடைதான். கட்டடம் சொந்தமில்லை. கட்டடக்காரரின் மகன் போன மாதம் வந்து நின்று, கைப்பேசி உறை விற்கும் கம்பெனி ஒன்று இந்த இடத்தைக் கேட்கிறது என்றான். டிசம்பருக்குள் மூன்று வருஷ ஒப்பந்தம் போடு, இல்லாவிட்டால் காலி செய் என்றான். தீபாவளிச் சரக்கு போனால்தான் ஒப்பந்தத்துக்கு முன்பணம் வரும். சரக்கு மேலே மாடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. இதுதான் நிலவரம். இதில் அப்பா வேறு செத்துப்போனார்.

*

திங்கட்கிழமை தகனம் முடிந்து கடைக்கு வந்தபோது மணி மூன்று. புனிதாவும் அண்ணன் கிஷனும் பெட்டிகளின்மேல் உட்கார்ந்தார்கள். கிஷன் சுபாங் ஜெயாவில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மேலாளர். கிழிப்பதற்கென்றே பழைய டீ-சட்டை ஒன்றைப் பையில் எடுத்துவந்து, கடையில் வந்து மாற்றிக்கொண்டான். புனிதா உடுத்தியிருந்த குர்தா புதுசு. அதையே கிழித்தாள்.

கண்ணாடிகளை மூடியது ஜீவன். கடையில் மூன்று வருஷமாக வேலைசெய்கிறவன், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன், முப்பத்தைந்து வயது. ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு கண்ணாடிக்கும் துணியைக் குத்திக்கொண்டே வந்தான். ஏன் என்று கேட்கவில்லை. முதலாளி வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டான்.

பக்கத்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை ஹாஜிரா சட்டியோடு வந்தாள். எழுபது வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"சூடா இருக்கு. பேசாம சாப்பிடுங்க" என்று சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே ஒரு பெட்டியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து அமுதவள்ளி வந்தார். கிஷனின் மாமியார். கையில் இரண்டு பிளாஸ்க். மருமகனின் அப்பா செத்ததற்குக் காப்பி கொண்டுவந்திருந்தார். கிஷன் வாயில் பாதி முட்டை.

"என்னா மாப்ள இது?"

கிஷன் விழுங்கினான். "முட்டை அத்தை."

"தெரியுது. சாம்பல்கூட ஆறல. அதுக்குள்ள கவிச்சியா?"

"இது எங்க ஊர்ப் பழக்கம் ஆன்டி" என்றாள் புனிதா. "தாத்தா காலத்துலேருந்து செய்யறோம்."

"எந்த ஊரு?"

"நாமக்கல் பக்கம்."

அமுதவள்ளி திரும்பி ஜீவனைப் பார்த்தார். "தம்பி, நீ அந்தப் பக்கம்தான?"

ஜீவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். இறங்காமலே இருந்திருக்கலாம் என்று முகத்தில் தெரிந்தது. "ஆமாங்க. ராசிபுரம்."

"அங்க சாவு வீட்டுல முட்டை திம்பாங்களா?"

"எங்க ஊர்ல கோழிப்பண்ணை நெறைய இருக்குங்க. கோடிக்கணக்குல முட்டை." அவன் தலையைச் சொறிந்தான். "அதுக்காக, சாவுக்கு யாரும் திங்க மாட்டாங்க. அடுப்பே பத்த வெக்க மாட்டோம்."

"கண்ணாடி மூடுறது?"

"கேள்விப்பட்டதில்லீங்க."

"சட்டை கிழிக்கிறது?"

"ஐயோ, இல்லீங்க."

அமுதவள்ளிக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. "ஏதோ கூத்து பண்றீங்க லா" என்று பிளாஸ்க்கை வைத்துவிட்டு மகளைத் தேடி வெளியே போனார். ஹாஜிரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ஏதோ ஒன்று வந்து போனதைப் புனிதா கவனித்தாள்.

*

மறுநாள் காலையில் ஹாஜிரா வந்தபோது கிஷன் இல்லை. ஒரு மீட்டிங் என்று வெளியே போயிருந்தான். புனிதா கேட்டாள்.

"அக்கா, நேத்து ஏன் சிரிச்சீங்க?"

"சிரிக்கல."

"சிரிச்சீங்க."

ஹாஜிரா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "உங்கப்பா உனக்குச் சொல்லவே இல்லையா?"

"என்னத்த?"

"இது ஊர்ப் பழக்கம் இல்ல புனி. கடைப் பழக்கம்." கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இந்தக் கடைய ஆரம்பிச்சது உங்க தாத்தா இல்ல. எஸ்ரா முதலாளி. பக்தாத் ஆளு. யஹூதி."

"யூதரா?" என்றாள் புனிதா. அப்பா சொல்லும் கதையில் ஒரு பழைய முதலாளி உண்டு. அரபுக்காரர் என்பார். பெயர் சொன்னதில்லை.

ஹாஜிரா சொன்னாள். அவளுக்கு மாமியார் சொன்னது, மாமியாருக்கு அவளுடைய மாமியார் சொன்னது. எஸ்ரா ரங்கூனிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து கிள்ளானுக்கும் வந்தவர். அப்போது இந்தத் தெரு பாதி சேறு. மாட்டுவண்டியில் சரக்கேற்றி கேரி தீவுப் படகுத்துறை வரைக்கும் போய் எஸ்டேட்டுகளுக்குத் துணி, விளக்கு, பிஸ்கட் தகரம் எல்லாம் விற்றார். கிள்ளானில் அவருடைய ஆட்கள் வேறு யாரும் இல்லை. இவர் ஒரு வீடு, அவ்வளவுதான். எஸ்டேட்டிலிருந்து ஓடிவந்த ரெங்கசாமியைக் கடையில் சேர்த்துக்கொண்டார். ஒரு மழைக்காலத்தில் மனைவியும் மகளும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனார்கள். அவர் கண்ணாடிகளை மூடச் சொன்னார். சட்டையைக் கிழித்துக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தார். துக்கக்காரன் முதல் சோறு அடுத்தவர் கையால்தான் சாப்பிடவேண்டும், உருண்டையாக ஏதாவது வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் முட்டை இருந்தது. ஏழு நாளும் கூட உட்கார ஆளில்லாமல், ரெங்கசாமியை எதிரே உட்காரச் சொன்னார்.

"அப்புறம் அவரே மவுத்தாகிட்டாரு. ஜப்பான்காரன் வர்றதுக்கு மூணு நாலு வருஷம் முன்ன. பினாங்குலேருந்து தம்பி மகன் ஒருத்தர் வந்தாரு. ஒரு நாள் உட்கார்ந்தாரு. மறுநாள் கப்பல்னு கிளம்பிட்டாரு. மிச்சம் ஆறு நாளும் உங்க தாத்தாதான் உட்கார்ந்தாரு. வேற யாரு இருக்கா அவருக்கு?"

"கடை?"

"அந்தத் தம்பி மகன் பின்னாடி கடுதாசி போட்டாராம். உட்கார்ந்தவனே வெச்சிக்கட்டும்னு."

மூடிய கண்ணாடிகள் வரிசையாக நின்றன. மின்விசிறிக் காற்றில் துணி லேசாக அசைந்தது. புனிதா சிறுவயதிலிருந்து பார்த்த கடைதான். இப்போது யாரோ ஒருவருடைய வீட்டில் அனுமதியில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"ஏங்கா இத்தன நாள் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? செய்ய வேண்டியதத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தீங்களே." ஹாஜிரா சுவரைப் பிடித்து எழுந்தாள். "வெளிய பேசிக்கிட்டுத் திரியாத. இப்ப இருக்கற நெலமைக்கு அந்தப் பேரே வேணாம்."

*

அன்று மாலை முழுவதும் தெரு இரைந்துகொண்டிருந்தது. முறுக்குக் கடைக்காரன் மைக்கில் கத்தினான். எதிர்வரிசைப் புடவைக் கடையில் கதவை மீறிக் கூட்டம் நின்றது. அவர்கள் கடையின் பாதிக் கதவு வழியாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் துணியையும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்துவிட்டு எதிர்வரிசைக்குப் போனார்கள். புனிதா ஒவ்வொருத்தியின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அவளிடமே வாங்குகிற முதுகுகளும் அதில் இருந்தன.

புதன்கிழமை கிஷன் வந்ததும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"யூதனா? சீரியஸா?"

"ஹாஜிரா அக்கா பொய் சொல்லாது."

"வெளிய தெரிஞ்சா பாய்காட் பண்ணுவாங்க லா. கடைய அவங்களே மூடிருவாங்க."

"நம்ம பழக்கமே இல்ல அண்ணே. யாரோ ஒருத்தருக்குச் செஞ்சத நாம நமக்குச் செஞ்சிக்கிட்டு இருக்கோம். நாளைக்கிக் கடையத் தெறக்கறேன்."

கிஷன் பெட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கழுத்துக் கிழிசல் தொங்கியது. "எவனோட பழக்கமா இருந்தா என்னா? அப்பா செஞ்சாரு. தாத்தாவுக்கு உட்கார்ந்தாரு, அம்மாவுக்கு உட்கார்ந்தாரு. அவருக்கு ஏழு நாள் உன்னால உட்கார முடியாதா?"

"நீ எத்தன நாள் உட்கார்ந்த? நேத்து மீட்டிங்கு. முந்தாநேத்து அஞ்சு மணிக்கே போயிட்ட."

"மனசுல உட்கார்ந்திருக்கேன்."

"ஒப்பந்தத்துல நீ கேரண்டிக் கையெழுத்துப் போடணும். கடை போச்சுன்னா போட வேணாம். நேரா சொல்லேன்."

அவன் கைப்பேசியை எடுத்தான், பார்த்தான், வைத்தான். அவனைக் கெட்டவன் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு பிள்ளைகள் மெல்பர்னில் படிக்கிறார்கள். தங்கையின் கடைக்காக வீட்டை அடகு வைக்கப் பயப்படுகிறான். அந்தப் பயத்துக்கு அப்பா பெயரைச் சூட்டி வைத்திருந்தான். புனிதாவிடமும் ஒரு பயம் இருந்தது. அதை மறைக்க, ஊர்ப் பழக்கமே இல்லை என்ற ராசிபுரத்து ஜீவனின் சாட்சி அவளுக்குக் கைகொடுத்தது.

"தெற. உன் கடை" என்றான் கிஷன். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். கிழிந்த டீ-சட்டை பெட்டிமேல் கிடந்தது.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவை முழுசாக மேலே தள்ளினார்கள். ஜீவன் மாடியிலிருந்து கட்டுகளை இறக்கினான். வேறு இரண்டு பெண்களை நாள்கூலிக்குக் கூப்பிட்டிருந்தாள். புனிதா தானே ஒவ்வொரு கண்ணாடியாகத் திறந்தாள். பத்தைத் திறந்தாள். பதினோராவது, கல்லாவுக்குப் பக்கத்தில், அப்பா உட்காரும் நாற்காலிக்கு எதிரே இருந்தது. அதை அப்படியே விட்டாள். தீட்டு வீட்டில் தீபாவளி விளக்கு கிடையாது, வாசலில் தோரணம் கிடையாது. விற்கத்தான் திறந்தாள். அமுதவள்ளிகூட, போனில், வியாபாரம் செய்வதில் தப்பில்லை, கருமாதி பதினாறாம் நாள் ஒழுங்காகச் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

முட்டைச் சட்டியைக் கழுவித் துடைத்து ஜீவனிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் சட்டியோடு திரும்பி வந்தான்.

"வாங்க மாட்டேங்கறாங்கக்கா."

"என்ன சொன்னாங்க?"

"ஏழாம் நாள்தான் வாங்கணும், இன்னைக்கி நாலாம் நாள்னாங்க. கோவமாலாம் இல்ல. டீ குடிக்கறியான்னு கேட்டாங்க."

புனிதா சட்டியை வாங்கிக் கல்லாமேல் வைத்தாள். நாள் முழுக்க அது அங்கே இருந்தது. வருகிறவர்கள் அதை நகர்த்திவிட்டுப் புடவையை விரித்தார்கள்.

கூட்டம் வந்தது. வராது என்று ஓர் ஓரத்தில் நினைத்திருந்தாள். வராமல் போனால் நல்லது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் வந்தது. செலாயாங்கிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வந்தவர்களுக்கு யார் செத்தார்கள் என்று தெரியாது. தெரிந்தவர்கள் "அப்பா போயிட்டாராமே" என்று இரண்டு நிமிஷம் நின்று, பிறகு அளவு கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அதைவிடக் கூட்டம். அவள் பொய்யில்லாமல் சந்தோஷமாக இருந்தாள். விற்கும்போது அவளுக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. அப்பாவும் அப்படித்தான்.

அன்று கடை மூடும்போது, ஜீவன் வெட்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஜீவா, நான் செத்தா எத்தன நாள் கடைய மூடுவ?"

"என்னக்கா பேச்சு இது?"

"சும்மா சொல்லு."

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. "பெர்மிட்டு மார்ச்சோட முடியுதுங்கக்கா" என்றான். பிறகு, சொன்னது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "நீங்கல்லாம் நூறு வயசு இருப்பீங்க" என்றான்.

அண்ணன் ஒரு நாள் வருவான். மறுநாள் மீட்டிங் இருக்கும். பிள்ளைகள் மெல்பர்னிலிருந்து வீடியோவில் பார்ப்பார்கள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. ஷட்டரைப் பிடித்து இழுத்தாள்.

*

ஞாயிறு காலை. தீபாவளிக்கு முந்தின நாள். பத்து மணிக்கே நிற்க இடமில்லை. கட்டடக்காரர் மகன் கூட்டத்துக்குள் தலையை நீட்டி, வியாபாரத்தைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிப் போனான். அவ்வளவுதான். கடை தப்பித்துவிட்டது. மூன்று வருஷம்.

அப்போதுதான் ஹாஜிரா உள்ளே வந்தாள். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, ரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கல்லா வரைக்கும் வந்தாள்.

"அக்கா" என்றாள் புனிதா. அவள் தோளில் ஆறு புடவை கிடந்தது.

"வியாபாரத்தப் பாரு, வியாபாரத்தப் பாரு" என்றாள் ஹாஜிரா. சட்டியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "ஏழாச்சில்ல. நடந்துட்டு வரேன்."

"உங்களால முடியாதுக்கா. முட்டி..."

"யாராச்சும் நடக்கணும் லா. எங்க மாமியார் சொல்லிட்டுப் போயிருக்கு."

வெளியே போய்விட்டாள். புனிதா ஓர் அடி எடுத்து வைத்தாள். நடுவில் நான்கு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைவரிசையைச் சுற்றிவரப் பத்து நிமிஷம் ஆகும். பத்து நிமிஷம் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது. ஒப்பந்தம்கூட இனிமேல் எங்கேயும் போகாது. அது அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, இது மீட்டர் எவ்வளவு?"

ஓர் இளம்பெண். பதினோராவது கண்ணாடியை மூடியிருந்த மல் துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது விக்கறதுக்கில்லம்மா."

"உள்ள லைனிங் வெச்சுத் தெக்கணும்க்கா. வேற எங்கயும் இந்த மாதிரி சாஃப்டா கெடைக்கல. நாளைக்கிக் காலைல போடணும், ப்ளீஸ்க்கா. மூணு மீட்டர்தான்." சொல்லிக்கொண்டே அவள் துணியை இழுத்தாள். குண்டூசிகள் தெறித்தன. துணி சரிந்து விழுந்தது.

கண்ணாடியில் கடை தெரிந்தது. கூட்டம் தெரிந்தது. நடுவில் புடவைகளைச் சுமந்துகொண்டு, குர்தா மாற்றி, பொட்டு வைத்து, புனிதா தெரிந்தாள். பின்னால் திறந்த வாசல். வாசலுக்கு வெளியே நடைபாதையில், சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தூணாகப் பிடித்துப் பிடித்து ஹாஜிரா போய்க்கொண்டிருந்தாள். ஒரு தூணில் நின்றாள். மூச்சு வாங்கினாள். அடுத்த தூணுக்குக் கையை நீட்டினாள். கண்ணாடியின் விளிம்பு வந்தது. அதற்குமேல் தெரியவில்லை.

"அக்கா?"

புனிதா துணியை மேஜைமேல் விரித்தாள். மூன்று மீட்டர் அளந்தாள். கைப்பழக்கத்தில் நாலு விரற்கடை கூடவே விட்டு, கத்தரிக்கோலை வைத்தாள்.

"மீட்டர் ஆறு வெள்ளி" என்றாள்.